கறுப்பு டி-ஷர்ட்டும் அப்புச்சி கிணறும்

முதல்ல ஒரு கேள்வி. நம்ம டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு டி-ஷர்ட் ஆர்டர் பண்ணினோமே, என்ன கலர்னு ஞாபகம் இருக்கா? கறுப்பு. எல்லா வருஷமும் கறுப்புதான். வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு வெச்சாலும் கறுப்புதான் ஜெயிக்கும். அழுக்கு தெரியாது, போட்டோவில் நல்லா இருக்கும், தொப்பையும் தெரியாது. வந்தது திருப்பூரிலிருந்து. விலை கம்மி, ரெண்டே வாரத்தில் டெலிவரி. நானும் கறுப்புக்குத்தான் ஓட்டுப் போட்டேன். அதனால உங்களைக் குற்றம் சொல்ல இந்தக் கட்டுரையை எழுதலை.

இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். இதை எழுதி முடிக்கிறதுக்குள் அம்மாவுக்கு நாலு தடவை போன் போட்டு வார்த்தை கேட்டேன். தப்பு இருந்தா மன்னிச்சிடுங்க. ஆனா இங்கிலீஷில் எழுதினால் அப்புச்சிக்குப் படிச்சுக் காட்ட முடியாது.

அப்புச்சின்னா அம்மாவோட அப்பா. எங்க கொங்குப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் ஊர் நொய்யல் ஆற்றை ஒட்டி, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இருக்கு. ஆனா வீட்டு வாசலில் இருபது லிட்டர் கேன் வரிசையா நிற்கும். சின்ன வயசில் லீவுக்குப் போனபோது இது எனக்குப் புரியவே இல்லை. கிணறு நிறையத் தண்ணியை வெச்சுக்கிட்டு ஏன் காசு கொடுத்துத் தண்ணி வாங்கறாங்க? ஒரு நாள் கேட்டேன். "அது சாயத்தண்ணி கண்ணு, மாடே மூஞ்சியத் திருப்பிக்கும்" என்றார். அதுக்கு மேல் அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மூணாம் வருஷம் என்விரான்மென்டல் இன்ஜினியரிங் பேப்பர் வந்தது. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், ரெண்டு மார்க் கேள்வி: ஆலைக் கழிவுநீரை ஆற்றில் விடும்போது கரைந்த உப்பின் அளவு, அதாவது டிடிஎஸ், எவ்வளவு இருக்கலாம்? விடை: லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்வது 500. வேற வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். மனப்பாடம் பண்ணி எழுதினேன், ரெண்டு மார்க்கும் வந்தது. அந்த லீவில் லேபிலிருந்து கையடக்க மீட்டர் ஒன்றை வாங்கிப் போய் அப்புச்சி கிணற்றுத் தண்ணியில் விட்டேன். எண் 2,100-ஐத் தாண்டி நின்றது. ஆலைக் கழிவுநீராகக்கூட ஆற்றில் விட முடியாத தண்ணீர், ஒரு விவசாயியின் கிணற்றில்.

சின்ன மீட்டரில் ஒரே ஒரு தடவை அளந்தது விஞ்ஞான நிரூபணம் ஆகாது. எங்க பக்கம் சில இடங்களில் நிலத்தடி நீரே இயற்கையாகக் கொஞ்சம் உப்பாகத்தான் இருக்கும். அதனால் என் மீட்டரை விட்டுவிட்டு, கோர்ட்டில் நிரூபணமான கதைக்கு வருகிறேன்.

ஒரு கெமிஸ்ட்ரி விஷயம் தெரிஞ்சால்தான் மீதி புரியும். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது, சாயம் தண்ணியை விட்டுத் துணிக்குள் போகறதுக்கு உப்பு வேணும். சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ, கிலோ கணக்கில் கொட்டுவார்கள். நிறம் அடர்த்தியாக ஆக, உப்பும் கூடும். வெளிர் மஞ்சளைவிட நம்ம கறுப்புக்கு ரொம்ப அதிகம். அந்த உப்பு துணியில் தங்காது. வேலை முடிஞ்சதும் ஒட்டாத சாயத்தோடு சேர்ந்து கழிவுநீரில் வெளியே வந்துவிடும். சாதாரண சுத்திகரிப்பு நிலையத்தில் நிறம் குறையும், நாற்றம் குறையும், பாக்டீரியா தின்னக்கூடிய கழிவு குறையும். கரைந்த உப்பு குறையாது. பார்க்க ஓரளவு தெளிவா இருக்கும் தண்ணியே ஒரு நிலத்தைக் கெடுத்துவிடும். உப்பைப் பிரிக்கணும்னா ஆர்ஓ வேணும். ஆர்ஓ ஒதுக்கித் தள்ளும் அடர்ந்த உப்புநீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க எவாப்பரேட்டர் வேணும். ரெண்டுக்கும் நிறையக் காசும் கரண்டும் ஆகும். அந்தக் காசைச் செலவு பண்ணாத வரைக்கும், அந்தச் செலவை ஆறு ஏற்றுக்கொண்டது.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதே காலத்தில்தான் திருப்பூர் பனியன் ஏற்றுமதி வேகம் எடுத்தது. சில வருஷத்திலேயே அந்த அணை சாயக்கழிவு தேங்கும் குளமாக மாறிவிட்டது. விவசாயத்துக்குக் கட்டிய அணையின் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்ச விவசாயிகளே பயந்தார்கள். நொய்யல் பாசன விவசாயிகள் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. சாய ஆலைகள் ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத நிலைக்கு வரணும், அதுவரை விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசா கணக்கில் அபராதம் கட்டணும், அணையைச் சுத்தம் பண்ணணும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் ஆலைகளுக்குக் கொஞ்சம் கெடு கொடுத்து அதையே உறுதிப்படுத்தியது. அப்புறமும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ஆம் தேதி, 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது.

இழப்பீடும் கிடைத்தது. அதுக்குன்னு அமைக்கப்பட்ட ஆணையம், 2004 கடைசி வரைக்குமான சேதத்தைக் கணக்குப் போட்டு, 28,596 விவசாயிகளுக்கு மொத்தம் சுமார் 24.8 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தது. 24.8 கோடி பெரிய தொகை மாதிரித்தான் கேட்கும். கால்குலேட்டரில் வகுத்துப் பாருங்கள். ஆளுக்குச் சராசரியாக 8,700 ரூபாய்கூட வராது. ரெண்டு நாளைக்கு ஒரு கேன், கேன் 40 ரூபாய் என்று வைத்தால், அந்தப் பணம் பதினாலு மாசத்துக் குடிதண்ணிக்குச் சரியாப் போகும். நிலம், தென்னை, மாடு எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

அடுத்தது எல்லாரும் மறந்துபோன பாதி. திருப்பூரின் நிலத்தடி நீர் கெட்டதும் ஆலைகளுக்கே தண்ணீர் இல்லாமல் போனது. சுத்துப்பட்டு ஊர்க் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வந்தது. இதுக்குத் தீர்வாக 1995-ல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள்: நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன். தமிழக அரசின் நிறுவனம், ஐஎல் அண்ட் எஃப்எஸ், ஏற்றுமதியாளர் சங்கம் எல்லாம் சேர்ந்தது. ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு. பவானி பக்கமிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு, ஒரு நாளைக்கு 18.5 கோடி லிட்டர் காவிரித் தண்ணியைக் கொண்டுவரும் திட்டம். தண்ணீர் விநியோகத்தில் தனியாரைச் சேர்த்த இந்தியாவின் முதல் பெரிய திட்டங்களில் ஒன்று என்று அப்போது பேசப்பட்டது. 2005-06 வாக்கில் தண்ணீர் வந்தது. ஆரம்பத்தில் ஆலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய், நகராட்சிக்கு வீட்டு உபயோகத்துக்கு 5 ரூபாய்.

கேட்க நல்லாத்தான் இருக்கு, இல்லையா? பணக்கார வாடிக்கையாளரிடம் அதிகம் வாங்கி ஏழைக்குக் குறைச்சுக் கொடுக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைச்சேன். கொஞ்சம் யோசித்தால் இடிக்கும். அந்தக் கம்பெனி கடனை அடைக்கணும்னா ஆலைகள் நிறையத் தண்ணீர் வாங்கிக்கொண்டே இருக்கணும். ஆறு பிழைக்கணும்னா ஆலைகள் தண்ணியைக் குறைச்சு, பயன்படுத்தியதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தணும். 2011-க்குப் பிறகு அதுதான் நடந்தது. ஆலைகள் மூடின. திரும்பத் திறந்தபோது ஜீரோ டிஸ்சார்ஜ் வந்து, கழிவுநீரில் பெரும்பகுதியைச் சுத்தம் பண்ணி மறுபடி உபயோகித்தார்கள். ஆற்றுக்கு நல்ல செய்தி. தண்ணீர் விற்கும் கம்பெனிக்கு அதே செய்தி நஷ்டக் கணக்கு. 2018-ல் ஐஎல் அண்ட் எஃப்எஸ் குழுமமே கடனைக் கட்ட முடியாமல் சரிந்தது வேறு கதை.

இதில் யாரும் வில்லன் என்று நான் சொல்லவில்லை. லாபக் கணக்கில் ஓடும் ஒரு அமைப்பு, விற்பனை கூடணும்னுதான் நினைக்கும். அது அதோட குணம். பொது சுகாதாரத்தின் குணம் வேற. அந்த ரெண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டி வைத்தால் எப்போதாவது ஒண்ணு மற்றதை இழுக்கும். அப்போ நடுவில் நின்று "முதலில் மக்கள் உடம்பு, அப்புறம் கணக்கு" என்று சொல்ல ஒருத்தர் வேணும். அதுக்குத்தான் அரசாங்கம்.

சரி, "அரசாங்கத்துக்கு என்ன பொறுப்பு? கழிவை விட்டது ஆலைகள்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் மாமாவும் இதைத்தான் வேற மாதிரி கேட்கிறார்.

மாமா சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவர். ஒரே வீட்டில் அப்புச்சி கிணறு ஒரு கட்சி, மாமா சம்பளம் இன்னொரு கட்சி. 2011-ல் நான் ஒண்ணாவது படிச்சுக்கிட்டிருந்தேன். பல மாசம் மாமா வேலை இல்லாமல் வீட்டில் இருந்தது ஞாபகம் இருக்கு. எனக்கு ஜாலி, தினமும் கூட விளையாட ஆள். அத்தை நகை அடமானத்துக்குப் போனது பெரியவன் ஆன பிறகுதான் தெரிந்தது. இந்தக் கட்டுரை எழுதறேன்னு சொன்னதும் அவர் சொன்னார்: "ஆத்துல விடச்சொன்னது நான் இல்ல மாப்ள. ஆனா பூட்டுப் போட்டப்ப மொதல்ல வெளிய நின்னது நானு. இத்தன பட்டறைக்கு பர்மிஷன் குடுத்தது யாரு?"

அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இது. 1974-லேயே தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இல்லாமல் எந்த ஆலையும் கழிவுநீரை வெளியே விட முடியாது. 1989-ல் தமிழக அரசே ஒரு ஆணை போட்டது: ஆறு, ஏரிகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசு உண்டாக்கும் தொழில்களுக்கு இடம் இல்லை. 1996-ல் வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தினவரே அதுக்கான விலையைக் கொடுக்கணும் என்பது இந்த நாட்டின் சட்டம்தான் என்று சொல்லிவிட்டது. சட்டம், வாரியம், தீர்ப்பு எல்லாமே கையில் இருந்தது. 1989-லிருந்து 2011 வரை 22 வருஷம். நம்ம வயசைவிட அதிகம். அந்த 22 வருஷத்தில் ஒவ்வொரு இசைவாணையிலும் ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"மாசைத் தடுத்தால் வேலை போகும்" என்று சொல்கிறவர்களுக்கும் என் பதில் இதுதான். மாமாவின் வேலையைப் பறித்தது மாசுத் தடுப்பு இல்லை, தாமதம். முதல் பத்துப் பட்டறை வரும்போதே ஒழுங்கான சுத்திகரிப்பு இல்லாமல் இசைவாணை கிடையாது என்று சொல்லியிருந்தால், எழுநூறு பட்டறையை ஒரே உத்தரவில் பூட்ட வேண்டிய நிலையே வந்திருக்காது. 2011-க்கு அப்புறம் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்த அரசு சுமார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஆர்ஓ, எவாப்பரேட்டர் எல்லாம் வந்தது, உப்பைக்கூடப் பிரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள், ஏற்றுமதியும் நடக்கிறது. முடியும்னு அவங்களே காட்டிட்டாங்க. அந்தக் கடனை இருபது வருஷம் முன்னாடி கொடுத்திருந்தால் அப்புச்சி கிணறு தப்பித்திருக்கும்.

இன்னொரு விஷயம் படித்தபோது எனக்கு உண்மையாவே கோபம் வந்தது. உடம்புக்கு ஆபத்தான சில அசோ சாயங்களை 1994-ல் ஜெர்மனி தடை பண்ணியது. துணி போடுகிறவருக்குத் தோல் வழியாக ஆபத்து என்பது காரணம். 1997-ல் இந்தியாவும் அவற்றைத் தடை பண்ணியது. ஏன்னா வாங்குகிறவன் கண்டிஷன் போட்டான், இல்லையென்றால் ஆர்டர் போகும். அந்தத் தடை நல்லதுதான். ஆனால் துணியைப் போடுகிறவனின் தோலைக் காப்பாற்ற மூணு வருஷம் போதுமாக இருந்தது. துணி துவைத்த தண்ணியைக் குடிக்கிறவனின் வயிற்றைக் காப்பாற்ற அதற்கு மேல் பதினாலு வருஷமும் ஒரு கோர்ட் பூட்டும் தேவைப்பட்டது. ஒருத்தர் கஸ்டமர், இன்னொருத்தர் வெறும் குடிமகன். வித்தியாசம் அவ்வளவுதான்.

தனியார்மயத்தில் எனக்குப் பயமே இதுதான். தண்ணீரில் நாமும் குடிமகனிலிருந்து கஸ்டமராக மாறிக்கொண்டே வருகிறோம், சத்தமே இல்லாமல். பெரிய ஒப்பந்தம் வரும்போது மட்டும் சண்டை போடுகிறோம். 2018-ல் கோவை மாநகராட்சி, 24 மணி நேரமும் குடிநீர் தரும் திட்டத்துக்காக பிரான்சின் சூயஸ் நிறுவனத்தோடு 26 வருஷ ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 3,150 கோடி ரூபாய். பெரிய எதிர்ப்பு வந்தது. கட்டணத்தை நிர்ணயிப்பது நாங்கள்தான், நிறுவனம் இல்லை என்று மாநகராட்சி விளக்கம் சொன்னது. அந்தக் கேள்வியைக் கேட்டது சரிதான். சூயஸின் சொந்த ஊரான பாரிஸே, 2010-ல் தன் குடிநீர் விநியோகத்தைத் தனியாரிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது என்பதும் தெரிஞ்சிருக்கணும்.

ஆனா நம்ம ஹாஸ்டல் வாசலில் தினமும் இறங்குகிற கேன்? அது தனியார்மயம் இல்லையா? 20 லிட்டர் 40 ரூபாய் என்றால் ஆயிரம் லிட்டர் 2,000 ரூபாய். திருப்பூர் ஆலைக்கு அப்போது போட்ட ரேட் 45. அது பழைய ரேட், இப்போ ஏறியிருக்கும், தரமும் வேற. எவ்வளவு சலுகை கொடுத்துக் கணக்குப் போட்டாலும், சட்டை துவைக்கிற தண்ணியைவிட அப்புச்சி குடிக்கிற தண்ணிக்குப் பல மடங்கு விலை. இதுக்கு எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகவில்லை, எந்த மன்றத்திலும் தீர்மானம் போடவில்லை. கிணறு கெட்டது, குழாய்த் தண்ணீர் எப்போ வரும்னு தெரியலை, கேன் வந்தது. பொறுப்பு சத்தமில்லாமல் அரசிடமிருந்து வீட்டுக்கு மாறிவிட்டது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 47-வது பிரிவு, பொது சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் முதன்மைக் கடமைகளில் ஒன்று என்கிறது. மாசில்லாத தண்ணீர் என்பது 21-வது பிரிவின் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருக்கிறது. 2010-ல் ஐ.நா. பொதுச்சபை தண்ணீரை மனித உரிமை என்று தீர்மானம் போட்டபோது இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. உரிமை என்றால் பாக்கெட்டில் 40 ரூபாய் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கிற விஷயம் இல்லை.

என்ன செய்யணும் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த மூணு விஷயம் சொல்றேன். ஒண்ணு, ஆற்றோரக் கிராமங்களில் கிணற்றுத் தண்ணியையும் மக்கள் உடம்பையும் அரசு தன் செலவில் தொடர்ந்து பரிசோதிக்கணும். பாதிக்கப்பட்டவரே கோர்ட்டுக்குப் போய் நிரூபிக்கும் வரை காத்திருக்கக் கூடாது. ரெண்டு, ஆலைகளின் கழிவுநீர் அளவீடுகள் அப்புச்சி படித்துப் புரிகிற தமிழில், பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் எழுதிப் போடணும். மூணு, தண்ணீர் சம்பந்தமான எந்த ஒப்பந்தமும் கையெழுத்துக்கு முன்னாடியே முழுசாக மக்கள் பார்வைக்கு வரணும்.

இதெல்லாம் சொல்கிற எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், சங்கடமான ஒரு உண்மை இருக்கு. எனக்குப் பிளேஸ்மென்ட் கிடைத்திருப்பது ஒரு வாட்டர் ட்ரீட்மென்ட் கம்பெனியில். ஊர்த் தண்ணீர் கெட்டுப்போனால்தான் எனக்கு இன்கிரிமென்ட். ஆஃபர் லெட்டரை அப்புச்சியிடம் காட்டினேன். சந்தோஷப்பட்டார். அப்புறம், "அப்ப நம்ம கெணத்தச் சரி பண்ணிருவியா கண்ணு?" என்று கேட்டார். ஒரு கிணற்றுக்கு ஆர்ஓ போடலாம், அது ஒதுக்குகிற உப்புத்தண்ணியை எங்கே விடுவது என்று எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. பக்கத்துத் தோட்டத்திலா?

அதனால் டெக்னாலஜி எல்லாத்தையும் பார்த்துக்கும்னு நம்ம டிபார்ட்மென்ட்டில் பேசுவதை நான் முழுசா நம்பவில்லை. எவாப்பரேட்டர் 2011-க்கு முன்னாடியும் உலகத்தில் இருந்தது. அதை ஓட வைத்தது கோர்ட் உத்தரவு.

நம்மால் முடிந்தது சின்னதுதான், ஆனா இருக்கு. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள், ஆற்றோரமோ ஆலைப் பக்கமோ வீடு இருந்தால், சுத்தமான பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் பிடித்து குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கட்டணம் கட்டினால் ரிப்போர்ட் தருவார்கள். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதோடு விடாமல் கிராம சபையில் கொடுங்கள். உங்க ஊர் ஆலையின் இசைவாணையில் என்ன நிபந்தனை இருக்குன்னு பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐ-யில் கேளுங்கள். இண்டஸ்ட்ரியல் விசிட் போகும்போது செல்ஃபி எடுத்த பிறகாவது, "கழிவுநீர் எங்க போகுது சார்?" என்று ஒருத்தராவது கேளுங்கள். நானும் எங்க டீமும் ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு அப்புச்சி ஊரைச் சுற்றி இருக்கும் கிணறுகளைத்தான் எடுத்திருக்கிறோம். இந்தத் தடவை சின்ன மீட்டர் இல்லை, முறையான லேப் டெஸ்ட். உங்க ஊர் ரிப்போர்ட் கிடைத்தால் அனுப்புங்கள், சேர்த்துப் போடலாம்.

அடுத்த சிம்போசியத்துக்கு டி-ஷர்ட் என்ன கலர் என்று ஜூனியர்ஸ் முடிவு பண்ணிக்கட்டும். வெளிர் நிறம் எடுத்தால் கொஞ்சம் உப்பு மிச்சம். கறுப்பே எடுத்தாலும் நான் திட்ட மாட்டேன், மாமா வேலையும் அதில்தான் இருக்கு. ஆர்டர் போடுகிற போனிலேயே, கழிவுநீரை என்ன பண்ணறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. ஜெர்மனிக்காரன் கேட்டால் பதில் வருது. நாம கேட்டாலும் வரணும்.